கைப்பேசி விளம்பரங்களும் மக்கள் கருத்தும்

ஒரு பொருளை நேரே ஆய்ந்து, அதன் குணம் குற்றம் இரண்டையும் அறிந்து விலை கொடுத்து வாங்குதல் ஒன்று. அப்பொருளைப்பற்றி முன்னரே நம் செவியிற் புகுந்து தங்கிய சொற்களை நம்பி வாங்குதல் மற்றொன்று. அரிசியும் புடைவையும் வாங்குங்கால் நம் மக்கள் பெரும்பாலும் முதல் வழியையே கையாளுகின்றனர். அரிசியை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கின்றனர். சுங்குடிப் புடைவையை விரித்து, முடிச்சிட்ட புள்ளிகளைத் தடவிப் பார்க்கின்றனர். ஸ்மார்ட்போன் என வழங்கும் கைப்பேசியை வாங்கும்போது அவ்வாறு செய்தல் இயலாது. அதன் உள்ளுறுப்புக்கள் கண்ணுக்குப் புலனாகா. அதன் ஆயுளும் வாங்கிய அன்று தெரியாது. ஆதலின் கடைப்படி ஏறுமுன்னரே, “இது நல்லது, அது மட்டம்” என்னும் தீர்ப்பொன்று நம் உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகின்றது. அதனை எழுதியவர் யாவர் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

கடைக்கு அடையாளம் நாட்டி வாங்குவோரை அழைத்தல் மதுரைக்குப் புதிதன்று. இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கும் மதுரைக்காஞ்சி, கள் விற்கும் இடத்தை அறிவிக்கும் கொடியும் பிற கொடிகளும் ஆங்கு அசைந்தாடியமையைக் கூறுகின்றது. அக்கொடி, “இப்பொருள் இங்கே உண்டு” என்னும் அளவில் நின்றது. இக்காலத்துப் பலகை அவ்வளவில் நிற்பதில்லை. 2016ஆம் ஆண்டையொட்டி, டவுன்ஹால் ரோட்டிலும், பெரியார் பேருந்து நிலையத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி முதலிய ஊர்களின் கடைவீதிகளிலும் செல்போன் கடைகளின் முகப்பு நிறம் மாறியதை நம்மிற் பலர் நினைவுகூரலாம். நீலமெல்லாம் விவோ, பச்சையெல்லாம் ஒப்போ. கடைக்காரரின் பெயரோ ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. இந்தியா முழுவதும் நடந்த ஏற்பாடு இது. பலகைச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது; கடைக்காரர்க்கும் அதனால் ஊதியம் உண்டு. ஆகவே அவர்மீது குறை கூற நாம் ஒருப்படோம்.

அதே காலத்தில் கிரிக்கெட்டு ஆட்டமும் இவ்விரு பெயர்களையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஐ.பி.எல். போட்டியின் தலைப்பில் தன் பெயர் விளங்கவேண்டி, 2018 முதல் 2022 வரையுள்ள ஐந்தாண்டுகட்கு விவோ நிறுவனம் ரூ. 2,199 கோடிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்திய அணியினர் சட்டையில் தன் பெயரைப் பொறிக்க, 2017-ல் ஒப்போ நிறுவனம் ஐந்தாண்டுகட்கு ரூ. 1,079 கோடி தர இசைந்தது. இரண்டு ஒப்பந்தங்களும் காலம் முடியுமுன்னரே வேறு நிறுவனங்களின் கைக்கு மாறின என்பது வேறு செய்தி. இத்தொகைகளால் ஒரு கைப்பேசியின் பேட்டரியேனும் அரைமணி நேரம் மிகுதியாக உழைத்ததில்லை. ஆயினும் அப்பெயர்கள் நம்பிக்கைக்கு உரியன ஆயின. இது எவ்வாறு நிகழ்ந்தது?

ராபர்ட் ஜாயன்ஸ் என்னும் உளநூற் புலவர் 1968-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்கு விடை தரும். பொருள் விளங்காத சொற்களையும், சீன எழுத்தைப் போன்ற குறிகளையும் அவர் மாணவர்க்குச் சில பலமுறையும் சில ஒருசில முறையுமாகக் காட்டினார். பின்னர், “இவற்றுள் நல்ல பொருள் உடையது எது?” என வினவியபோது, மாணவர் பலமுறை கண்டதனையே நல்லதென்றனர். அதன் பொருள் அவர்கட்குத் தெரியாது. கண்டு பழகியது ஒன்றே தெரியும். உசிலம்பட்டிப் பேருந்தில் அமர்ந்து வரும் ஒருவர், ஊர் வந்து சேருமுன் நீலப் பலகையை இருபது முறை காண்பாராயின், அவர் உள்ளத்திலும் அதுவே நிகழ்கின்றது. “நாலு பேர் வாங்கும் சாமான்” என்று அவர் கூறுவார். அந்த நாலு பேர் பலகைகளே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழக்கத்தினும் நுண்ணிய வேலையொன்றை விளம்பரம் செய்கின்றது. நாம் கேட்கவேண்டிய வினாவையே அது நமக்காகத் தேர்ந்து தருகின்றது. பொய் கூறுதலினும் இதுவே வலிமை மிக்கது என்பது நம் கருத்து. எடுத்துக்காட்டாகக் கேமராவைக் கொள்வோம்.

சில ஆண்டுகளாகக் கேமராவின் தரத்தை மக்கள் ஓர் எண்ணால் அளக்கப் பழகியுள்ளனர். 48, 64, 108, 200 என மெகாபிக்சல் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். புள்ளி மிகுந்தாற் படம் சிறக்கும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. உண்மையோ வேறு. கைப்பேசியுள் ஒளியைப் பெறும் சில்லின் அளவு நகத்தளவேயாம். அச்சிறு பரப்பைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறுக்கும் கிடைக்கும் ஒளி மிகக் குறையும். இது செய்வோர்க்கும் தெரியும். ஆதலின் 108 மெகாபிக்சல் கருவிகள் பெரும்பாலும் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமான நிலையில் 12 மெகாபிக்சல் படத்தையே தருவன. ஆப்பிள் நிறுவனம் 2015 முதல் 2021 வரை தன் ஐபோன்களின் பின்புறத்தில் 12 மெகாபிக்சல் கேமராவையே வைத்திருந்தது. அப்படங்களை எவரும் இகழ்ந்திலர். பெட்டியில் 108 என்றும் 12 என்றும் அச்சிட்ட இரண்டினுள், பின்னது முன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு என்று கணக்கிடுவோன் கணக்கிற் பிழை இல்லை. அவன் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோலே பிழையானது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் வைகறைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் இருகரையிலும் பாலங்களிலும் எண்ணிறந்த கைகள் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கின்றன. வெளிச்சம் குறைவு, நெரிசலிற் கை நடுங்கும், தங்கக் குதிரையோ அசைந்துகொண்டேயிருக்கும். ஆங்கு வேண்டுவன பெரிய சில்லும், அகன்ற ஒளிவாயும், நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் ஆகும். இவற்றை ஓர் எண்ணாற் கூறிவிட முடியாது. கூற முடியாதது விளம்பரத்தில் இடம் பெறாது. விளம்பரத்தில் இடம் பெறாதது வாங்குவோன் வினாவிலும் இடம் பெறுவதில்லை.

அத்திருவிழாவிற்கு ஒளியூட்டும் முழுநிலவைப்பற்றியும் ஒரு செய்தி உண்டு. சில கைப்பேசிகள் நிலவின் குழிகளையும் மேடுகளையும் தெளிவாகப் படம் பிடிக்கும் என விளம்பரங்களிற் புகழப்பட்டன. 2023 மார்ச்சு மாதத்தில் ஒருவர், நிலவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் இட்டு, அதனைச் சாம்சங் கைப்பேசியாற் படம் பிடித்தார். திரையில் இல்லாத நுட்பங்கள் படத்திலே தோன்றின! நிலவை இனங்கண்டு அதன் விவரங்களைச் செம்மைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவு உள்ளே வேலை செய்கின்றது எனச் சாம்சங் நிறுவனம் விளக்கம் தந்தது. அது படமா சித்திரமா என்னும் வழக்கை அறிஞர் தீர்க்கட்டும். “எங்கள் லென்சு கண்டது” என்று வாங்குவோர் நம்பியதில் ஒரு பகுதி லென்சு காணாதது என்பதே நமக்கு வேண்டுவது.

இனி, எதிரிகள் ஒருவரையொருவர் இகழும் விளம்பரங்களுக்கு வருவோம். இதிற் பேர்போனது சாம்சங், ஆப்பிள் என்னும் இரண்டன் பூசல். ஐபோன் வாங்க வரிசையில் நிற்போரை எள்ளி நகையாடிச் சாம்சங் நிறுவனம் 2011-ல் அமெரிக்காவில் விளம்பரம் வெளியிட்டது. ஹெட்போன் துளையை ஆப்பிள் நீக்கியதை 2018-ல் எள்ளிற்று. 2019 ஆகஸ்டில் தன் நோட் 10 கைப்பேசியில் தானும் அதனை நீக்கிற்று. பெட்டியிலிருந்து சார்ஜரை ஆப்பிள் எடுத்துவிட்டதை 2020 அக்டோபரில் நகையாடிற்று; 2021 சனவரியில் வெளிவந்த தன் எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. பழைய விளம்பரங்களை ஓசையின்றி அகற்றவும் செய்தது. இந்நாட்டிலும் 2025-ல், சியோமி நிறுவனம் தன் கைப்பேசியை ஐபோனோடு ஒப்பிட்டுச் செய்தித்தாள்களில் வெளியிட்ட விளம்பரம் வழக்கறிஞர் கடிதம் வரை சென்றதாகச் செய்திகள் வந்தன.

இப்பூசலின் பயன் யாது? வாங்குவோர் கட்சி பிரிகின்றனர். இரண்டு நடிகர்களின் இரசிகர்கள் கொட்டகை வாயிலிற் பொருதல் மதுரை கண்ட காட்சியே. கைப்பேசிப் பெயரிலும் அத்தகைய கட்சி கல்லூரி விடுதிகளில் உண்டு. தாம் விலை கொடுத்த பொருளைக் குறை கூறின், தம்மையே குறை கூறியதாகக் கொள்வர். ஆனால் விளம்பர மேடையிற் பகைவராய் நிற்போர் தொழிற்சாலையில் உறவினராய் உள்ளனர் என்பதை அறிந்தோர் சிலரே. 2017-ல் வெளிவந்த ஐபோன் எக்சின் திரையைச் செய்து கொடுத்தது சாம்சங். ஐபோனின் கண்ணாகிய சில்லைப் பத்தாண்டுக்கு மேலாகச் செய்து தருவது சோனி நிறுவனம் என 2022-ல் ஆப்பிள் தலைவரே வெளிப்படக் கூறினார்; பிற நிறுவனங்கள் பலவும் சோனியின் சில்லுகளையே வாங்குகின்றன. நம் கடைவீதியில் எதிரெதிரே நின்ற நீலப் பலகையும் பச்சைப் பலகையும் பி.பி.கே. என்னும் ஒரே சீன நிறுவனத்தின் வழித்தோன்றல்கள். ஒன்பிளசும் ரியல்மியும் அக்குடும்பத்தனவே. ஐபோனோ நம் ஸ்ரீபெரும்புதூரிற் பூட்டப்பட்டு வெளிநாடு செல்கின்றது. அதனை அயல்நாட்டுப் பொருளென்றே நாம் போற்றுகின்றோம். உள்ளே வேறுபாடு குறையக் குறைய, வெளியே வேறுபாட்டைப் பேசுவதற்கான செலவு பெருகுகின்றது. அச்செலவும் விலையில் அடங்கியதே.

வெளிப்படையான பொய்யும் இல்லாமற் போகவில்லை. 2012 செப்டம்பரில் நோக்கியா நிறுவனம் தன் லூமியா 920 கைப்பேசியின் நடுங்காத படத்தைக் காட்ட, மிதிவண்டியிற் செல்லும் பெண்ணொருத்தியைப் படம் பிடித்து வெளியிட்டது. வழியில் நின்ற வண்டியொன்றின் சன்னலிற் படம் பிடிப்போரின் நிழல் விழுந்தது. அவர் கையில் இருந்தது கைப்பேசியன்று, பெரிய கேமரா! நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டில் 2016 பிப்ரவரியில், ரூ. 251-க்கு ஸ்மார்ட்போன் தருவதாகச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. மக்கள் முண்டியடித்ததில் அந்நிறுவனத்தின் இணையதளம் முதல் நாளே தடைப்பட்டது. மாதிரியாகக் காட்டிய கருவியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்ததைச் செய்தியாளர் கண்டனர். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் இயக்குநர் கைது செய்யப்பட்டார். இத்தகைய பொய் விரைவில் உடைந்துபோம்; ஆகவே அதுபற்றி நாம் மிகுதியாக அஞ்சவேண்டுவதில்லை.

அஞ்சத்தக்கது பாதி மெய். “நீர் புகாது” என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.68 என்னும் குறியீட்டைப் பெற்ற கருவி, செய்வோர் குறித்த ஆழத்தில், குறித்த நேரம், ஆய்வுக்கூடத்து நன்னீரிற் சோதிக்கப்பட்டது; ஒன்றரை மீட்டர் ஆழம், முப்பது நிமிடம் என்பது ஒரு வழக்கமான அளவு. விளம்பரத்தில் அது நீச்சற்குளமாகவும் கடலலையாகவும் உருமாறிற்று. ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் துளை அரித்துக் கெடக்கூடும் என்பது படத்தில் இல்லை. இக்குற்றத்திற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022 ஜூனில் சாம்சங் நிறுவனத்திற்கு 1 கோடியே 40 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. அதற்கு முன்னரே, 2020 நவம்பரில், இத்தாலி நாட்டு வணிகக் கண்காணிப்பு அமைப்பு ஆப்பிள் நிறுவனத்திற்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்திருந்தது. நீர் புகாது என்று விளம்பரம் செய்துவிட்டு, நீர் புகுந்து கெட்டதற்கு உத்தரவாதம் தர மறுத்தமையும் அதன் காரணங்களுள் ஒன்று. பகைவர் இருவரும் ஒரே குற்றத்தில் ஒன்றுபட்டமை காண்க! மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நடுவோர் இடுப்பிற் செருகிய கைப்பேசி விழுவது நன்னீரில் அன்று; உரமும் சேறும் கலந்த நீரில். அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் எண் கொடுத்ததில்லை.

இங்கே பண நிலையையும் கூறவேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு 2025-26ஆம் ஆண்டிற்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி ரூ. 336. பதினையாயிரம் ரூபாய்க் கைப்பேசி அக்கூலியில் ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள் உழைப்பு. 2024 செப்டம்பரில் ரூ. 79,900-க்கு வந்த ஐபோன் 16 ஏறத்தாழ இருநூற்று முப்பத்தெட்டு நாள் உழைப்பு. அஃதாவது ஆண்டிற்கு நூறு நாளும் தவறாது வேலை கிடைத்தாலும், இரண்டு ஆண்டுக்கு மேல் உண்ணாது உடாது சேர்க்கவேண்டும். மகன் கல்லூரியிற் சேர்ந்தான் என்று நகையை அடகு வைத்துக் கைப்பேசி வாங்கித் தரும் குடும்பங்கள் இச்சமவெளியில் இல்லாமல் இல்லை. அக்குடும்பத்திற்கு, “எது நல்லது?” என்னும் வினா விளையாட்டன்று.

விளம்பரமோ முழு விலையைச் சிறிய எழுத்திலும் மாதத் தவணையைப் பெரிய எழுத்திலும் அச்சிடுகின்றது. “வட்டியில்லை” என்னும் சொல் உடன் வரும். வட்டியே இல்லாத கடன் என்பது ஒன்று இல்லை எனவும், அது பெரும்பாலும் வேறு கட்டணங்களாக மறைந்து வருவது எனவும் 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. தவணையாற் கருத்தும் மாறுகின்றது. இரண்டு கைப்பேசிகளின் விலை வேறுபாடு எட்டாயிரம் என்றால் தந்தை தயங்குவார். மாதம் முந்நூற்றுச் சொச்சம் என்றால், “போகட்டும், நல்லதையே வாங்கு” என்பார்.

கடையினுள் நிறுவனத்தின் சட்டை அணிந்து நிற்கும் இளைஞரையும் மறத்தலாகாது. வாங்க வந்தவர் அவரைக் கடைப்பிள்ளை என்றெண்ணி, “தம்பி, எது நல்லாயிருக்கும்?” எனக் கேட்பார். அவருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். மாதத்திற்கு இத்தனை விற்கவேண்டும் என்னும் கட்டளையும் உண்டு. அவர் பொய் கூறவேண்டுவதில்லை. தம் பெட்டியை முதலில் எடுத்து வைத்தாற் போதும். யூடியூபில் கைப்பேசிகளை ஆய்ந்து கூறுவோரும் பெருகியுள்ளனர். தமிழிலே தெளிவாகவும் நேர்மையாகவும் கூறுவோர் அவருட் பலர். அவரால் நம் மக்கள் பெற்ற அறிவு சிறிதன்று. எனினும் பொருளோ பணமோ பெற்றுப் புகழ்வோரும் உளராதலின், அதனை வெளிப்படக் கூறவேண்டும் என 2023 சனவரியில் நடுவண் அரசு நெறிமுறை வகுத்தது.

இவ்வளவும் கூறியதனால் விளம்பரமே தீது என்பது நம் கருத்தன்று. 2003-ல் வந்த நோக்கியா 1100 கைப்பேசியை நினைவுகூர்வோம். டார்ச்சு விளக்கு உண்டு, தூசி புகாத பொத்தான் உண்டு என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். மின்சாரம் நின்ற இரவில் வரப்பில் நடப்போர்க்கும் லாரி ஓட்டுவோர்க்கும் அவை மெய்யாகவே பயன்பட்டன. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. 2014 சூலையில் சியோமி நிறுவனம் பெரிய விளம்பரச் செலவின்றி, தன் மி 3 கைப்பேசியை ரூ. 13,999-க்கு இணையதளம் வழியே விற்கத் தொடங்கியபோது, அதே தரமுள்ள பிற கருவிகளின் விலை எவ்வளவு மிகை என்பது மக்களுக்குப் புலனாயிற்று. ஆயினும், சில நிமிடங்களில் தீர்ந்தது என்னும் செய்தியே பின்னர் அதற்கு விளம்பரமாயிற்று. கிடைக்காத பொருளின்மேல் ஆசை பெருகுதல் இயல்பன்றோ?

சட்டமும் உறங்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மயக்கும் விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் வரையும், மீண்டும் செய்யின் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். அதில் தோன்றிப் புகழ்ந்தவரையும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விளம்பரங்களினின்று விலக்கலாம். 2022 ஜூனில் வந்த நெறிமுறைகளில் ஒன்று நமக்கு மிகவும் வேண்டியது. உரிமை கொண்டாடும் வாசகம் எம்மொழியில் உள்ளதோ, அதன் அடிக்குறிப்பும் அம்மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது அது. தமிழிற் பெரிதாகப் புகழ்ந்துவிட்டு, நிபந்தனையை ஆங்கிலத்திற் கடுகாக அச்சிடுதல் இதனால் தவறாகும். கேடுற்றவர் மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆயினும் பொய்யைத் தண்டிக்கும் சட்டம், தவறான வினாவைத் தேர்ந்து தந்ததற்காக எவரையும் தண்டிக்க இயலாது.

சரியான வினாக்கள் எவையெனின், அவை விளம்பரத்திற்கு உதவாத எளிய வினாக்களே. எத்தனை ஆண்டுவரை மென்பொருள் புதுப்பித்தல் கிடைக்கும்? இரண்டாண்டில் பேட்டரி தளர்ந்தால், மாற்ற என்ன செலவாகும்? திரை உடைந்தால், பழுது பார்ப்பதற்கு அந்நிறுவனத்தின் நிலையம் மதுரையில் உண்டா, சென்னைக்கு அனுப்பவேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், கைப்பேசியோடு ஒரு சீட்டும் வரவேண்டும் என்பது சட்டம். பேட்டரி எத்தனை முறை சார்ஜ் தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்த்தல் எளிதா அரிதா என்பன அதில் ஒரே அளவுகோலாற் குறிக்கப்படுகின்றன. நிறுவனம் தன் விருப்பம்போல் எண்ணைத் தேர்ந்துகொள்ள அதில் இடமில்லை. நம் நாட்டிலும், பொருள்களைப் பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் இடுதல்பற்றி ஆராய நடுவண் அரசு அமைத்த குழு 2025 மே மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது; கைப்பேசியும் அதன் ஆய்வில் அடங்கும். அம்மதிப்பெண் பெட்டியின்மேல் ஏறும் நாளில், அது தமிழிலும் அச்சிடப்படுமாயின், டவுன்ஹால் ரோட்டிற்கு வரும் உசிலம்பட்டித் தந்தையார் நீலப் பலகையைப் பாராமல் முதலில் அதனைப் படித்துப் பார்ப்பார்.